நிரம்பாத ரேடியேட்டர்

மைசூரு விஜயநகரிலிருந்து கிளம்பிய ஐந்து ஜீப்புகளில் முன்னால் போனது லெஸ்லியுடையது. கொள்ளேகால் தாண்டி, மலைக்காட்டின் ஒற்றைத் தடத்தில் அது சூடேறி நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் முந்தவும் வழியில்லை, திரும்பவும் இடமில்லை.

கொஞ்சம் ஆறவிட்டு, ஈரச்சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தான் லெஸ்லி. முதலில் கேனில் இருந்த பச்சைக் கூலண்ட் முழுவதையும் ஊற்றினான். நிரம்பவில்லை. பிறகு எல்லா ஜீப்புகளின் குடிதண்ணீரும் உள்ளே போனது. அடியில் படுத்துப் பார்த்த நண்பர் சகாயநாதன், "ஒரு சொட்டுகூட லீக் இல்லப்பா. எங்கதான் போகுது?" என்றார்.

போனில் சிக்னல் இல்லை. பின்சீட்டில் லெஸ்லியின் மகள் ஷெரின் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட அவளுக்கு இறங்கவில்லை.

மிஞ்சிய ஒரே பாட்டிலை அவன் மனைவி நிம்மி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இது பாப்பாவுக்கு. கொடுக்க மாட்டேங்க."

"வண்டி நகர்ந்தாத்தானே அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியும்? கொடு நிம்மி, ப்ளீஸ்."

பிடுங்கி, கடைசிச் சொட்டுவரை ஊற்றினான்.

பின்சீட்டில் ஷெரின் எழுந்து உட்கார்ந்தாள்.

"போதும்ப்பா, வயிறு முட்டுது."

அவள் மோவாயிலிருந்து பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.