தேக்குத் தொட்டில்

ஜமீன் பங்களாவைப் பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாடியில் தொங்கும் தேக்குத் தொட்டிலை ஆளுக்கு ஒரு தடவை ஆட்டிப் பார்க்கலாம் என்பது அங்கே வழக்கம். சுற்றிக் காட்டும் சுகந்திதான் கயிற்றை எடுத்துக் கொடுப்பாள். அன்றும் கொடுத்தாள். பிரசவ விடுப்பு இன்னும் மீதி இருந்தது. இனி எதற்கு என்று வேலைக்கு வந்துவிட்டாள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றே வீட்டில் கட்டியிருந்த புடவைத் தொட்டிலை மாமியார் அவிழ்த்து மடித்துவிட்டார். அதன் பிறகு பிள்ளையின் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவளும்தான். "இதுல படுத்திருந்த பாப்பா எங்கக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "காய்ச்சல்ல செத்துப்போச்சு." எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "அது பேரு என்ன?" ஜமீன் குழந்தையின் பேர் எந்தப் பலகையிலும் இல்லை. தெரியாது என்றுதான் எப்போதும் சொல்வாள். "நித்திலா," என்றாள். "எங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க பாப்போம்," என்றார் டீச்சர். வகுப்பே கத்தியது. சத்தம் போதவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு வரிசையாக இறங்கித் தோட்டத்துக்குப் போனார்கள். அடுத்த பள்ளிக்கூடம் வருவதற்குள் தொட்டிலை நிறுத்திக் கயிற்றைச் சுற்றி வைக்க வேண்டும். கீழே மாமரங்களுக்கு நடுவே கண்ணாமூச்சி தொடங்கியிருந்தது. ஒளிந்துகொண்டவளுக்கு அந்தப் பேரையே வைத்துவிட்டார்கள் போல. "நித்திலா, எங்க இருக்க? வெளிய வா!" சுகந்தி கயிற்றை ஒரு தடவை இழுத்துவிட்டாள். தொட்டில் நிற்கப் போனபோது இன்னொரு தடவை.