லாலா ஹபிஸ்

"அந்தத் தவுக்கேக்குக் காது சுத்தமாக் கேக்காது திலகம். மலையில பீரங்கி வெடிச்சா, 'யாரு கதவத் தட்றது'ன்னு எந்திரிச்சுப் போவாரு."

திலகம் சிரித்தாள். பல் செட் புதிது. கொஞ்சம் தாராளமாகவே சிரித்தாள்.

கோல சிலாங்கூரில், ஆற்றுக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் சீனர் சாப்பாட்டுக் கடை. பலகைக்கு அடியில் சேறு. பக்கத்துக் கடையிலிருந்து கருவாட்டு வாசனை. சுவரில், கடை முதலாளியாக இருந்து செத்துப்போன தவுக்கேயின் படம். அதன் முன்னால் ஓர் ஊதுபத்தியும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களும்.

பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் நாங்கள் ரவாங்கிலிருந்து வேன் எடுத்து வந்திருந்தோம். மற்றவர்கள் மலையில் குரங்குக்குப் பயற்றங்காய் கொடுக்கப் போய்விட்டார்கள்.

நான் போகவில்லை. போன தடவை ஒரு குரங்கு என் கண்ணாடியைப் பிடுங்கி, மாட்டிப் பார்த்து, பவர் போதவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. அந்த அவமானம் போதும் என்றேன்.

திலகத்துக்கு உண்மையாகவே முட்டிவலி.

அடுத்த வாரம் மகன் அவளை ஜொகூருக்குக் கூட்டிப் போகிறான். அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். அவள் புருஷனும் இப்போது உயிரோடு இல்லை, என் மனைவி காளியம்மாவும் இல்லை. போகாதே, என்னோடு இருந்துவிடு என்று கேட்க வேண்டும். வேன் வந்து ஹாரன் அடிப்பதற்குள் கேட்க வேண்டும்.

முன்பு ஒரு முறை கேட்டவன்தான். சன்னாசி என்று பெயரை வைத்துக்கொண்டு பெண் கேட்பது அப்போதும் லேசாக இல்லை.

வாலிப வயது. தீபாவளிக்கு முந்தைய வாரம். தோட்டத்து லோரியில் எல்லாரும் இங்கே கருவாடு வாங்க வந்திருந்தோம். திலகத்தின் அம்மா நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பேரம் பேச ஆரம்பித்தால் ஆற்றில் ஒரு தடவை தண்ணீர் ஏறி இறங்கிவிடும். அந்த நேரத்தில் இதே கடை பெஞ்சில் உட்கார்ந்து, "என்னைக் கட்டிக்கிறியா?" என்றேன்.

ஒரு மீன்பிடிப் படகு, டபடபவென்று காதைக் கிழித்துக்கொண்டு போனது.

"வேணாம்லா" என்றாள்.

எங்கள் பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' மட்டும் தவுக்கேயின் செவிட்டுக் காதில் விழுந்து, லாலாவாகிவிட்டது. லாலா என்றால் சிப்பி. மிளகாய் போட்டுப் பிரட்டித் தருவார்கள். அடுப்படியிலிருந்தே கத்தினார்: "லாலா ஹபிஸ்!"

முடிந்துவிட்டதாம்.

வேண்டாம் என்றவளிடம் நின்று கெஞ்சக் கூடாது. எழுந்து நேரே போய் லோரியில் ஏறிக்கொண்டேன். அந்த வருஷமே அவள் அசாம் ஜாவா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு வாழ்க்கைப்பட்டாள்.

இந்தக் கதையை ரவாங்கில் நான் சொல்லாத சாப்பாட்டுக் கடை இல்லை. ஒரு தட்டு லாலா இருந்திருந்தால் ஒவ்வோர் ஓடாகப் பிரித்து உறிஞ்சிச் சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் ஒரு பெண்ணின் மனம் மாறியிருக்காதா? செவிட்டுத் தவுக்கே கெடுத்தார் என்று முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

திலகத்திடம் இன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன். சிரிக்க வைத்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிடலாம் என்று திட்டம்.

அவள் பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நான் எங்க வேணாம்னேன்?"

தேநீர் கிளாசைக் கீழே வைத்தேன்.

"'லாலா வேணும்'னேன். வெக்கத்துல வாயில அதான் வந்துச்சு. சாப்பிட்டுக்கிட்டே சொல்லலாம்னு பாத்தேன். லாலா இல்லைன்னதும் நீங்கதான் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனீங்க. ச்சீ, இவ்வளவு நாக்கு நீளமா இந்த ஆளுக்குன்னு நான் எங்கம்மாகிட்டப் போய்ட்டேன்."

எனக்குப் பொய் தடங்கலில்லாமல் வரும். ஆனால் இதற்குச் சாட்சி வேண்டியிருந்தது.

சுவரைப் பார்த்தேன். படத்தில் தவுக்கே நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுகள் பெரியவை. நன்றாகக் கேட்கும் காதுகள்.

"சாப்பிட்டுக்கிட்டே என்ன சொல்லலாம்னு பாத்தே?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

திலகம் அடுப்படிப் பக்கம் திரும்பி, தவுக்கேயின் மகனிடம் உரக்கக் கேட்டாள்.

"லாலா அடா?"

"அடா" என்றான் அவன். இருக்கிறதாம். சின்னத் தட்டா, பெரிய தட்டா என்று கையாலேயே கேட்டான்.

திலகம் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாள்.

வெளியே வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

எனக்குத்தான் காது கேட்காதே.