நெஞ்சுக்குள் வசவு

சபை அசன விருந்தில் குழம்புக்கு இரண்டு தரம் உப்பு விழுந்த நாளிலிருந்து அண்ணன் வேதமாணிக்கம் என்னோடு பேசவில்லை. இரண்டாவது தரம் போட்டது நான் என்பது அவன் கட்சி. அவன்தான் என்பது என் கட்சி. இப்போது நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி, கட்டிலில் கிடந்தான். பேசாமலே போய்விடுவானோ என்று பக்கத்தில் நின்றேன்.

சபை நர்ஸ் எப்சிபா வந்தாள். பிரஷர் பார்த்தாள், மாத்திரை கொடுத்தாள், ஜெபம் பண்ணினாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, அதன் வட்டை அண்ணன் நெஞ்சில் வைத்தாள்.

“என்ன கேக்கு ஐயா?”

“‘ஏல மடையா, ஏல மடையா’ன்னு திட்டுதான்.”

“விட்டு விட்டுத் திட்டுதாரா?”

“இல்ல, தாளம் தப்பாமத் திட்டுதான்.”

“அப்பம் பயமில்ல. பொழச்சுக்கிடுவாரு.”

அடுத்து குழலை அண்ணன் காதுக்கு மாற்றி, வட்டை என் நெஞ்சில் அழுத்தினாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

“ஏல, ஒன் நெஞ்சும் பொய்தாம்ல சொல்லுது.”

எப்சிபா ஸ்டெதஸ்கோப்புக்குக் கையை நீட்டினாள். அண்ணன் கழற்றவில்லை.

“இருக்கட்டும் சிஸ்டர். இவன் இன்னும் பேசி முடிக்கல.”

அடுத்த வீட்டு நோயாளியைப் பார்க்க அவள் வெறுங்காதோடு கிளம்பினாள்.