சொந்த வாயால்

"அப்ப வேணாம்னு எழுதிக் கொடுத்துடலாம் லா. அந்த நாட்டுல என் மகனுக்கு என்ன இருக்கு?"

ரோஹானாவின் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது.

பீச் ஸ்ட்ரீட்டில், வக்கீல் ஷாஹிராவின் மாடி அறையில் உட்கார்ந்திருந்தாள்.

மகன் ஐமான் பிறந்தது அமெரிக்காவில். கணவர் நாகூர் மீரான் அங்கே படித்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்பே பினாங்குக்குத் திரும்பிவிட்டார்கள். பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

போன வருடம் மீரான் இறந்துபோனார். ஜெலுத்தோங்கில் இருந்த கடையை மகன் பேரில் எழுதி வைத்திருந்தார். நமக்குப் பிறகு அவன் யாரிடமும் கையேந்தக் கூடாது என்பார்.

கடை வாடகையைப் போட கணக்குத் திறக்கப் போனபோதுதான் பேங்கில் அவன் பிறந்த ஊரைப் பார்த்து, அமெரிக்க வரி பற்றிக் கேட்டார்கள்.

அங்கே பிறந்ததால் அவன் அந்த நாட்டுக் குடிமகன். எங்கே வாழ்ந்தாலும் வருடா வருடம் அங்கே வரிக் கணக்கு காட்ட வேண்டும். விட்டுப்போன வருடங்களுக்கும் சேர்த்து. கணக்கு எழுதுகிறவர் கேட்ட கூலியிலேயே வாடகையில் பாதி போய்விடும்.

அவன் அங்கே ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லையே என்று ரோஹானா சொல்லிப் பார்த்தாள். அது கேள்வியே இல்லை என்றாள் ஷாஹிரா. குடியுரிமையைத் துறந்தால்தான் இந்த வரித் தொல்லை விடும்.

"நான் பெத்தவ. நானே சைன் போடுறேன்."

"முடியாதுக்கா. வேற யாரும் போட முடியாது. தூதரகத்துல ஆபீசர் முன்னாடி, எனக்குப் புரியுது, நானா விரும்பித்தான் விடுறேன்னு உங்க மகனே சொந்த வாயால சொல்லணும். அது புரியாதவங்களா இருந்தா ஏத்துக்க மாட்டாங்க. மத்தபடி சின்ன வேலைதான். அவரைக் கூட்டிட்டு வாங்க, நான் சொல்லித் தரேன்."



"கீழ கார்லதான் இருக்கான்" என்று ரோஹானா எழுந்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஐமான் வந்தான். முப்பது வயது. அப்பாவைப் போலவே நெடுநெடு உயரம். கழுத்தில் கட்டியிருந்த துண்டு எச்சிலில் நனைந்திருந்தது.

ஷாஹிரா கையில் எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள்.

ரோஹானா துண்டின் நுனியால் அவன் வாயைத் துடைத்தாள். மெல்லக் கெஞ்சினாள்: "விடுறேன்னு சொல்லு ராஜா. ஒரே ஒரு தடவ."

அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"ம்மா" என்றான்.

பசித்தாலும், வலித்தாலும் அவனிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.