கைரேகை மிஷின்

திண்டிவனத்து மல்லாட்டை எண்ணெய் மில்லில் கடலை மூட்டை தூக்கிய ராஜாமணி செத்துப்போன பிறகும், கைரேகை மிஷினில் அவருடைய அட்டெண்டன்ஸ் தினமும் விழுந்துகொண்டிருந்தது. காலையில் அதன் கண்ணாடியில் படிந்திருக்கும் மஞ்சள் பிசுக்கைத் துடைக்கும்போதெல்லாம் கணக்கு எழுதும் தஸ்லீமா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“மிஷினை மாத்திடலாங்க மொதலாளி. செத்தவரு வந்துக்கினு இருக்காரு.”

“ஓடிக்கினு இருக்கிறத எதுக்கும்மா மாத்தணும்? பழசு, அப்படித்தான் உளறும்” என்ற யூசுப் அலி, தன் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினார்.

“நன்றி, ராஜாமணி” என்றது மிஷின்.

அவர் விரலை வெடுக்கென்று இழுத்தார். பிசுக்கு நூல் நூலாக நீண்டு வந்தது. அழுகல் நாற்றம். கைலியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

“புதுசுக்குச் சொல்லிடும்மா, ஜல்தி.”

தஸ்லீமா அந்த விரலைப் பார்த்தாள். வழுவழுவென்றிருந்தது, ஒரு ரேகைகூட இல்லை.