ஆறு மணி ஊசி

“இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க தங்கச்சிக்கு முதல் ஊசி போடப் போறாங்க. எப்படியாவது தடுத்துடுங்க.”

போனில் வந்தது கரகரப்பான ஆண் குரல். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் பிரேமுக்குள் லென்ஸைப் பொருத்திக்கொண்டிருந்த அக்காவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நான்கு நாட்களாக இதே தொல்லை.

“யார் சார் நீங்க? என் நம்பர் எப்படிக் கிடைச்சுது?”

“ஜிம்ல சேர்க்கும்போது பாரத்துல நீங்க எழுதிக் குடுத்ததுதான். நான் யாரா இருந்தா என்ன? இவ்வளவு நாள் மாத்திரை. போட்டி நெருங்குது, அதனால இன்னிலேருந்து ஊசி. ஆம்பளைங்க உடம்புல சுரக்கிறதை ஒரு பொண்ணு உடம்புல ஏத்தறாங்க. உங்க தங்கச்சிக்கு மூணு மாசமா பீரியட்ஸ் வரல, தெரியுமா?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. தெரியும். கடுமையாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று ஜிம் மாஸ்டர் சொன்னதாகத் தங்கை சமாதானம் சொல்லியிருந்தாள். ஆனால் அது வெளியாள் ஒருவனுக்கு எப்படித் தெரிந்தது? நினைக்கவே உடம்பு கூசியது.

“இனிமே போன் பண்ணீங்கன்னா போலீசுக்குப் போவேன்.”

“தாராளமா போங்க. அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணைப் பாத்துட்டுப் போங்க. இதே மாத்திரை, இதே ஊசி, ஆறு வருஷம். நிறுத்திப் பதினோரு வருஷம் ஆச்சு, போனது எதுவும் திரும்பி வரல. இதயம் தடிச்சுப் போச்சு. ஈரல் கெட்டுப் போச்சு. வயித்துல ஒரு குழந்தையும் தங்கல. அஞ்சு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி இதயப் பிரிவுக்கு வாங்க, ஆளையே காட்டறேன்.”

அரை மணி கழித்து, ஜிம்முக்குப் போகும் வழியில் தங்கை கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ‘குச்சி’ என்று கூப்பிட்டு அழவைத்த பெண்தான். இப்போது தோள்கள் சட்டையை முட்டிக்கொண்டு நின்றன. இன்னும் மூன்றே வாரத்தில் பெண்கள் பாடி பில்டிங் போட்டி. விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப் போனாள்.

“வேற ஜிம்காரன் எவனோ கிளப்பி விடறான்க்கா. எனக்குப் பதக்கம் கிடைச்சிடுமேன்னு வயித்தெரிச்சல்.”

“ஊசின்னு நீ மூச்சே விடலையேடி.”

“சத்து ஊசிக்கா. அதையெல்லாமா சொல்லிக்கிட்டிருப்பாங்க?”

“முகமெல்லாம் பரு. தொண்டைக்கட்டு விடல. தொட்டதுக்கெல்லாம் கோவம் வருது. இதெல்லாம் சத்தா?”

“போட்டி முடிஞ்சா எல்லாம் சரியாயிடும். மாஸ்டர் எத்தனை பேரைத் தயார் பண்ணியிருக்காரு, அவருக்குத் தெரியாதா?” தங்கை பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “சரி, நானும் வர்றேன், வா. அவன் மூஞ்சியைப் பாத்து நாலு கேள்வி கேக்கணும். அவன் சொல்றது பொய்யா இருந்தா ஆறு மணிக்கு ஊசி. நிஜமா இருந்தா நானே வேண்டாம்னுடறேன். போதுமா?”

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பினாள். அது முழுப் பொய்யும் இல்லை.

இதயப் பிரிவு வாசலில் எதிரும் புதிருமாக இரண்டு நீளப் பெஞ்சுகள். மணி ஐந்து பத்து. ஒரு பெஞ்சில் முறுக்கு மீசையும் பெரிய தொப்பையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். தங்கை நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

“எங்கக்காவுக்கு போன் பண்றது நீங்கதானா?”

அவர் அவளுடைய புஜத்தைப் பார்த்து மிரண்டார். “நான் என் சம்சாரத்துக்கே போன் பண்ண மாட்டேம்மா,” என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, அது சத்தியம் என்பதுபோலத் தலையாட்டினாள்.

திரும்பி வந்த தங்கை சட்டென்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, எதிர் பெஞ்சுல பச்சைச் சால்வை. மாஸ்டர் வீட்டம்மா.”

“நம்மளப் பாத்துட்டாங்களா?”

“பாத்தா என்ன? அவங்களுக்குப் பேச வராதுக்கா, பாவம். மாஸ்டர் வீட்டுக்குப் போனா தண்ணி கொண்டுவந்து வெச்சுட்டு உள்ள போயிடுவாங்க.”

அந்த அம்மா மடியில் தடிமனான ஃபைலை வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைக்குச் சும்மா இருக்க முடியவில்லை. உடம்புக்கு என்ன என்று கையாலேயே ஜாடை காட்டிக் கேட்டாள். அந்த அம்மா லேசாகச் சிரித்தாள், அவ்வளவுதான்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். இங்கே வந்தது மாஸ்டர் காதுக்குப் போனால் வீண் வம்பு. போகாவிட்டாலும் ஆறு மணிக்கு ஊசி. போன் பண்ணிய ஆளையும் காணோம், அவன் காட்டுவதாகச் சொன்ன பெண்ணையும் காணோம். மணி ஐந்து இருபத்தைந்து ஆகிவிட்டது.

“நான்தான் சொன்னேனே, பயந்து ஓடிட்டான். நான் கிளம்பறேன்க்கா, மாஸ்டர் காத்துக்கிட்டிருப்பாரு.”

“ஒரே நிமிஷம் இருடி.”

அக்கா அந்த எண்ணுக்கே திருப்பி போன் போட்டாள்.

எதிர் பெஞ்சில் மணி அடித்தது. பச்சைச் சால்வைக்காரி போனை அணைத்துவிட்டுத் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

“உக்காரும்மா,” என்றாள், நான்கு நாட்களாக அக்கா போனில் கேட்ட அதே ஆண் குரலில். “மாஸ்டர் முதன்முதல்ல தயார் பண்ண பொண்ணு நான்தான். பேச வராதுன்னு சொல்லி வெச்சுட்டா, குரல் ஏன் இப்படி ஆச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்கல்ல.”