ஆறாவது நம்பர்

"பேங்க்லருந்து பேசுதேன். கணக்கோட ஆதார இணைக்கணும். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அதச் சொல்லுங்க."

முத்துசெல்வி கத்தரிக்காய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள். சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் வெளியே வர இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

"ஏட்டி, ஏமாத்துறதுக்கு நான்தான் கெடச்சேனா?"

"ஐயோ, பத்து நிமிசந்தான் செல்லும். இன்னைக்கு இணைக்கலன்னா மாசப் பணம் வராதுங்காவ."

"இந்தக் கதையெல்லாம் டிவியில கேட்டாச்சு. வெக்கங்கெட்டவளே! மனுசரோட பழகத் தெரியுமாட்டி ஒனக்கு?"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. "விடாதீங்க அக்கா!" என்று தெருவே ஊக்கம் கொடுத்தது.

மறுமுனையில் அழுகைச் சத்தம். முத்துசெல்வி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அழாத மதினி. மொத ஹலோவிலயே ஒன் குரல் தெரிஞ்சுட்டு."

பக்கத்து வீட்டு இசக்கியம்மாதான். ஆதார் எடுத்தபோது அவளிடம் போன் இல்லாததால் முத்துசெல்வியின் நம்பரைக் கொடுத்திருந்தாள். இப்போது எட்டு மாதமாகப் பேச்சில்லை. முத்துசெல்வி அவளை பிளாக் செய்துவிட்டதால், பேங்க் போனில் கூப்பிட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சுமா மதினி இந்த ஏச்சு?"

"பின்ன, வேற யாரப் போயி ஏச? எழுதிக்கோ. நாலு, ஒம்போது, ரெண்டு, ஏழு, மூணு."

"ஆறாவது?"

"பிளாக்க எடுத்துட்டு வாட்ஸப்புல அனுப்புதேன். ஒன் மவன் கல்யாணப் பத்திரிகைய நீ எனக்கு அனுப்புன மாதிரியே."